வெளிறிய மீனின் குருதி

முகம் வெளுத்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் ஒருவரைக் கண்டால், அவருக்கு யோசனை சொல்லாதவர் நம் ஊர்களில் அரிது. முருங்கைக்கீரை என்பார் ஒருவர். பேரீச்சம்பழம் என்பார் மற்றொருவர். ஆட்டின் சுவரொட்டியை வாரம் இருமுறை சமைத்துக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொல்லிப் போவார் மூன்றாமவர். இவற்றை உண்டால் ரத்தம் ஊறும் என்பதில் மூவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. இந்த உபதேசம் பொய்யன்று. ரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான பொருளில் இரும்பு இருக்கிறது என்பதும், உடலில் இரும்பு குறைந்தால் சோகை வரும் என்பதும் வைத்திய சாஸ்திரம் ஐயமின்றி நிலைநாட்டியுள்ள உண்மைகள். ஆயினும், சத்துள்ள ஆகாரத்தையும் இரும்பு மாத்திரையையும் மாதக்கணக்கில் உட்கொண்ட பிறகும் வெளுப்பு நீங்காத சிலரை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். நெடுநாள் மூட்டுவாதத்தினாலும் தீராத காசநோயினாலும் வருந்துகிறவர்களிடம் இது சகஜமாகக் காணப்படுகிறது. அத்தகைய ஒருவருடைய எலும்பு மஜ்ஜையில் சிறிது எடுத்து, இரும்பைக் காட்டும் சாயமிட்டு வைத்தியர் பார்ப்பாரானால், அங்கே இரும்பு தாராளமாகச் சேர்ந்து கிடப்பதை அநேகமாகக் காண்பார். இரும்பு உடலில் இருக்கிறது. ரத்தம் உண்டாக வேண்டிய இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இருந்தும் ரத்தம் ஊறவில்லை. இது எதனால்?

இதற்கு விடை காண உதவிய மரபணுவைக் கண்டுபிடித்தவர்களுள் ஒரு சாரார், இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள் அல்லர். ஒரு பிராணியின் கருவில் ரத்தம் உருவாவதற்கு எந்தெந்த மரபணுக்கள் இன்றியமையாதவை என்பதை, முன்கூட்டி எந்த ஊகத்தையும் கைக்கொள்ளாமல், இயற்கையிடமே கேட்டு அறிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறிய விதத்தை, ஒரே ஒரு மீனின் கதையைப் பின்தொடர்ந்து இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கணந்தோறும் பிறக்கும் செவ்வணுக்கள்

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் செவ்வணுக்கள் மிதக்கின்றன. ஒரு செவ்வணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அதன் பிறகு அது மண்ணீரலிலோ ஈரலிலோ சிதைக்கப்படுகிறது. இடைவிடாத இந்த அழிவை ஈடுசெய்யும் பொருட்டு, நாம் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும், விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய செவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்த வண்ணமாக இருக்கின்றன. ஒரு செவ்வணுவுக்குள் ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் புரதத்தின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி அடங்கியுள்ளன; அம்மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு இரும்புத் துகள்களைத் தாங்கி நிற்கிறது. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, அது தேவைப்படும் அவயவங்களில் விட்டுவிடுபவை அந்த இரும்புத் துகள்களே.

செவ்வணு, வெள்ளணு, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு ஆகிய யாவும் மஜ்ஜையில் வாழும் ஒரே இனத்து மூல உயிரணுக்களிலிருந்து கிளைக்கின்றன. மூல உயிரணு பிரியும்போது அதன் சந்ததிகளில் சில வெள்ளணுவாகும் வழியிலும், சில செவ்வணுவாகும் வழியிலும் செல்கின்றன. செவ்வணுவாகப் போகும் இளம் உயிரணு, தொடக்கத்தில் பெரிதாகவும் நிறமற்றும் இருந்து, பிரியப் பிரியச் சிறுத்து, ஹீமோகுளோபினைத் திரட்டிச் சிவந்து, மனிதர் முதலிய பாலூட்டிகளில் கடைசியாகத் தன் உட்கருவையும் வெளியே தள்ளிவிட்டு, நாளங்களுக்குள் இறங்குகிறது. இந்தப் படிப்படியான மாற்றத்தைக் குருதியாக்கம் என்று குறிப்பிடலாம். இதன் ஒவ்வொரு படியும் மரபணுக்களின் கட்டளைப்படியே நிகழ்கிறது. மரபணு என்பது, சுருங்கச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஆக்கும் விதத்தைச் சொல்லும் பரம்பரைக் குறிப்பு. அத்தகைய குறிப்புகள் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் குருதியாக்கத்துக்கு உரியவை எவை?

குறையிலிருந்து காரணத்துக்கு

ஒழுங்காக நடைபெறும் காரியத்தில் இன்ன மரபணுவுக்கு இன்ன பங்கு என்பது வெளியே தெரிவதில்லை. அந்த மரபணு பழுதாகி, காரியம் குறைப்பட்டு நிற்கும்போதுதான், குறையின் தன்மையைக் கொண்டு அதன் பங்கை ஊகிக்க முடிகிறது. ஆகவே ரத்தத்தைப் பற்றி அறிய விரும்பியவர்கள், பிறவியிலேயே ரத்தக் குறையுள்ள பிராணிகளைத் தேடினார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்தில், பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சி நிலையத்தில், வயிற்றில் வெள்ளைத் திட்டும் உடலில் சோகையும் சேர்ந்து காணப்படும் சுண்டெலிகளை எலிஸபெத் ரஸ்ஸல் என்ற அம்மையார் நெடுங்காலம் ஆராய்ந்தார். தோலின் நிறத்தையும் ரத்தத்தின் வளத்தையும் ஒரே மரபணு எவ்வாறு பாதிக்கிறது என்ற மர்மம், பல பத்தாண்டுகளுக்குப் பின் 1988இல், மூல உயிரணுக்களின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிச் செய்தியைப் பெறும் ஒரு புரதமே அங்கே பழுதுபட்டிருக்கிறது என்று தெரியவந்தபோது விலகிற்று.

அருமையான ஆராய்ச்சிதான், ஆனால் இந்த வழியில் இரண்டு தடைகள் இருந்தன. தற்செயலாகப் பிறக்கும் குறைப்பிராணிக்காகக் காத்திருக்க வேண்டியது ஒன்று. சுண்டெலியின் கரு தாயின் வயிற்றுக்குள் மறைந்து வளர்கிறது என்பது மற்றொன்று. ரத்தம் அடியோடு உருவாகாத கரு, யார் கண்ணிலும் படாமல் கருப்பையிலேயே மடிந்து கரைந்துவிடும். மிக முக்கியமான மரபணுக்கள் பழுதான கருக்களே இவ்வாறு பார்வைக்குத் தப்பிப் போயின. கரு வெளியே வளர வேண்டும். உள்ளே ஓடும் ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கவும் எளிதாக இருக்க வேண்டும். அத்தகைய முதுகெலும்புள்ள பிராணி எது?

கங்கைச் சமவெளியிலிருந்து சென்ற மீன்

கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராகப் பணிபுரிந்த பிரான்ஸிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் விவரிக்கப்பட்ட மீன்களுள் ஒன்று, வளர்ந்த பருவத்திலும் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாதது. உடலின் நீளவாக்கில் கருநீலக் கோடுகள் உடையது. மெல்ல ஓடும் நீரோடைகளிலும் நெல்வயல்களிலும் திரிவது. அலங்கார மீன் விற்கும் கடைகளில் ஜீப்ரா மீன் என்ற பெயரில் இன்று எங்கும் கிடைக்கும் இதை, வரிமீன் என்று நாம் அழைப்போம்.

இச்சிறு மீனை ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரியதாக்கிய பெருமை, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கருக்கு உரியது. கிருமிகளைத் தாக்கும் நச்சுயிரிகளின் மரபியலில் பெயர் பெற்றிருந்த அவர், அந்தத் துறையின் தெளிவான முறைகளை முதுகெலும்புள்ள ஒரு பிராணியிடம் பிரயோகிக்க விரும்பி, 1960களின் பிற்பகுதியில் வரிமீனைத் தேர்ந்தெடுத்தார். பல ஆண்டுகள் அதிகமாக எதையும் பிரசுரிக்காமல் பொறுமையுடன் உழைத்து, 1981இல் தம் முறைகளை உலகுக்கு வெளியிட்டார். 1984இல் அவர் காலமாகிவிட்டார். பின்னர் இத்துறை அடைந்த விரிவைக் காண அவர் இல்லாமற்போனதை எண்ணும்போது வருத்தம் மேலிடுகிறது.

வரிமீனின் சிறப்பு அதன் கருவில் இருக்கிறது. தாய்மீன் ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டைகளை நீரில் இடுகிறது. கரு கண்ணாடியைப் போல ஒளி ஊடுருவும் தெளிவுடையது. முட்டையிட்ட 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இரண்டாம் நாளில், சாதாரண உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பவர், மஞ்சள்கருவின் மேல் ரத்தம் சிவந்து பரவி இதயத்தினுள் புகுவதைத் தம் கண்ணாலேயே காணலாம். இதைவிட முக்கியமான வசதி ஒன்றும் உண்டு. இவ்வளவு சிறிய கருவுக்கு வேண்டிய பிராணவாயு, சுற்றியுள்ள நீரிலிருந்து தோலின் வழியாகவே ஊறி உள்ளே சென்றுவிடுகிறது. ஆதலால் ரத்தமே இல்லாத வரிமீன் கருவும் சில நாட்கள் உயிரோடிருந்து, தன் குறையை ஆராய்ச்சியாளருக்குக் காட்டிவிட்டே மடிகிறது. சுண்டெலியில் மறைந்து போனது இங்கே வெளிப்படையாயிற்று.

மூன்று தலைமுறைகளின் கணக்கு

ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் கிறிஸ்டியானே ந்யூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் தலைமையிலும், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வொல்ஃப்காங் ட்ரீவர், மார்க் ஃபிஷ்மன் ஆகியோர் தலைமையிலும், 1990களில் இரு பெரும் முயற்சிகள் ஒரே காலத்தில் நடைபெற்றன. பழ ஈக்களில் கருவளர்ச்சிக்கு உரிய மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக, 1995இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ந்யூஸ்லைன்-ஃபோல்ஹார்ட். ஈயிடம் வெற்றி தந்த உபாயத்தையே அவர் மீனிடமும் கையாண்டார்.

உபாயம் இதுதான். ஆண் மீன்களைச் சிறிது நேரம், மரபணுக்களில் அங்கங்கே எழுத்துப் பிழைகளை உண்டாக்கும் ஒரு ரசாயனம் கலந்த நீரில் விடுகிறார்கள். இந்தப் பிழைக்குத் திரிபு என்று பெயரிடுவோம். எந்த மரபணுவில் திரிபு விழும் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே இம்முறையின் பலம். அந்த ஆண் மீனின் குஞ்சுகளில் திரிபு உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. ஏனெனில் ஒவ்வொரு மரபணுவும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரு பிரதிகளாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது காரியத்தை நடத்திவிடுகிறது. இக்குஞ்சுகளை வளர்த்து ஒரு ஜோடி சேர்த்தால் பிறக்கும் குடும்பத்தில், குறிப்பிட்ட ஒரு திரிபைச் சராசரியாகப் பாதிப் பேர் மறைவாகத் தாங்கியிருப்பார்கள். அக்குடும்பத்துச் சகோதர சகோதரிகளையே மறுபடி ஜோடி சேர்க்கும்போது, நாலில் ஒரு ஜோடியில் இருவருமே அத்திரிபைத் தாங்கியவர்களாக அமைவர். அந்த ஜோடி இடும் முட்டைகளில் நாலில் ஒன்று, இரண்டு பிரதிகளும் பழுதாகி, குறையை வெளிப்படையாகக் காட்டும். நூறு முட்டைகளில் 75 செவ்வனே வளர்ந்து, சுமார் 25 மாத்திரம் ஒரே விதமான குறையோடு காணப்பட்டால், அங்கே ஒரு மரபணு அகப்பட்டுவிட்டது என்று பொருள்.

ட்யூபிங்கனில் ஒவ்வொரு கூட்டத்து முட்டைகளையும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் என மூன்று தடவை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 4,264 திரிபுகள் கிடைத்தன. கரு முழுவதும் பொதுவாகச் சீர்குலைந்தவற்றைத் தள்ளிவிட்டு, குறிப்பிட்ட அவயவத்தில் குறையுள்ள 1,163ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரு நகரங்களின் முடிவுகளும், 1996 டிசம்பரில், கருவளர்ச்சிக்கான ஒரு விஞ்ஞானப் பத்திரிகையின் ஓர் இதழ் முழுவதையும் நிறைத்துக்கொண்டு வெளியாயின.

ட்யூபிங்கன் மீன்களுள் ரத்தக் குறை உள்ளவற்றைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் லெனர்ட் ஸானின் குழுவினர் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அத்தகைய திரிபுகள் 33. அவற்றில் 32, 17 மரபணுக்களைச் சேர்ந்தவை. சில மீன்களில் ரத்த அணுக்கள் தோன்றவே இல்லை; சிலவற்றில் தோன்றியவை நாளடைவில் அருகிப் போயின; சிலவற்றில் அணுக்கள் தோன்றியும் சிவக்கவில்லை. ரத்தத்தின் நிறத்தைக் கருதி இவற்றுள் பலவற்றுக்கு ஐரோப்பியத் திராட்சை மதுக்களின் பெயர்கள் இடப்பட்டன. வைஸ்ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானிய வெளிர்சிவப்பு மதுவின் பெயரைப் பெற்ற மீன் ஒன்று உண்டு. நாம் பின்தொடரப் போவது அதைத்தான்.

சிவக்காத ரத்தம்

வைஸ்ஹெர்ப்ஸ்ட் கருவில் இதயம் துடிக்கிறது. நாளங்கள் ஒழுங்காக அமைந்துள்ளன. ரத்த அணுக்களும் தோன்றி ஓடுகின்றன. ஆனால் ஓடும் அணுக்கள் வெளிறியிருக்கின்றன. ஹீமோகுளோபினைக் காட்டும் சாயத்தை இட்டால், உடன்பிறந்த நல்ல மீன்களில் அடர்ந்து தெரியும் நிறம் இதில் பிடிப்பதில்லை. ஹீமோகுளோபின் உண்டாவதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: புரதச் சங்கிலி, அதற்குள் பொருந்தும் ஹீம் என்னும் வளையம், வளையத்தின் நடுவில் அமரும் இரும்பு. மூன்றில் எது குறைந்தாலும் ரத்தம் வெளிறும். இந்த மீனில் குறைந்தது எது?

ஆராய்ச்சியாளர்கள் முதலில் ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்து அளந்து பார்த்தார்கள். அவற்றில் இரும்பு மிகவும் குறைவாக இருந்தது. அடுத்து, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே கனமுள்ள கருவின் நாளத்துக்குள், மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால், சர்க்கரைப் பொருளோடு பிணைத்த இரும்பை நேரே செலுத்தினார்கள். ரத்தம் சிவந்தது. எனக்கு இந்தப் பரிசோதனையிடம் தனிப்பட்ட மதிப்பு உண்டு. ஒரே செய்கையால் பல சந்தேகங்களை அது தீர்த்துவிட்டது. புரதச் சங்கிலியை ஆக்கும் திறமையும் வளையத்தை ஆக்கும் திறமையும் இந்த மீனின் அணுக்களுக்குக் குறைவின்றி இருக்கின்றன. இரும்பு கையில் கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியும். கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

அப்படியானால் முட்டையிலேயே இரும்பு இல்லையோ? அதற்கும் வழியில்லை. தாய்மீனிடம் ஒரு நல்ல பிரதி இருப்பதால் அது ஆரோக்கியமாகவே வாழ்ந்து, கருவுக்கு வேண்டிய சத்துகளை எல்லாம் மஞ்சள்கருவில் சேர்த்து வைத்துவிடுகிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் அதன் அடிவாய் அடைபட்டுப் போனால் வீட்டார் பட்டினி கிடக்க வேண்டியதுதான். வைஸ்ஹெர்ப்ஸ்ட் கருவின் நிலையும் அதுவே. இரும்பு மஞ்சள்கருவில் இருக்கிறது. மஞ்சள்கருவை உரசிக்கொண்டு ரத்தம் ஓடுகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் வழிதான் பழுதுபட்டிருக்கிறது. இவ்வளவும், பழுதான மரபணு எது என்று தெரிவதற்கு முன்பே, வெறும் தர்க்கத்தாலும் ஓர் ஊசியாலும் தெளிவாயிற்று.

இருப்பிடத்தைத் தேடுதல்

இனி மரபணுவைப் பிடிக்க வேண்டும். அதன் பெயரும் தெரியாது, வடிவமும் தெரியாது. அது பழுதானால் ரத்தம் வெளிறும் என்ற ஒன்றே தெரியும். இத்தகைய நிலையில் கையாளப்படும் முறையை இருப்பிடத் தேடல் எனலாம்.

வரிமீனின் மரபணுக்கள் 25 ஜோடி நிறப்புரிகளில் வரிசையாக அமைந்துள்ளன. முட்டையும் விந்தும் உண்டாகும்போது ஜோடியான நிறப்புரிகள் தமக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரே நிறப்புரியில் தூரத்தில் உள்ள இரண்டு இடங்கள் இந்தப் பரிமாற்றத்தால் அடிக்கடி பிரிந்துவிடும். அடுத்தடுத்துள்ள இரண்டு இடங்கள் பிரிவது மிக அரிது. நிறப்புரிகளின் நெடுகிலும், மீனுக்கு மீன் சிறிது வேறுபடுகிற, ஆனால் எந்தத் தீமையும் செய்யாத சில இடங்கள் உண்டு; இவற்றைக் குறியிடங்கள் என்போம். வெளிறிய கருக்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் குறியிடங்களைச் சோதித்துக்கொண்டே வந்தால், வெளிறும் தன்மையோடு எப்போதாவது பிரிந்து காணப்படுகிற குறியிடம் தேடும் மரபணுவுக்குச் சிறிது தூரத்தில் உள்ளது என்றும், ஒரு தடவையேனும் பிரியாத குறியிடம் மரபணுவுக்கு மிக அருகில் உள்ளது என்றும் அறியலாம். கருக்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, தேடும் எல்லை குறுகிக்கொண்டே வரும். வரிமீனின் முழு மரபணுத் தொகுதியும் எழுதி முடிக்கப்படாத அந்தக் காலத்தில், குறியிடத்திலிருந்து தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும் துண்டுகளைப் பிரித்தெடுத்து அடுக்கிக்கொண்டே எல்லையின் மறுமுனை வரை செல்ல வேண்டியிருந்தது. அலுப்புத் தரும் வேலை. அதைச் செய்தவர்களுடைய நிதானத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

குறுகிய எல்லைக்குள் அகப்பட்ட மரபணுக்களுள் ஒன்று, அதுவரை எவரும் அறியாத ஒரு புரதத்துக்குக் குறிப்பாக அமைந்திருந்தது. ட்யூபிங்கனில் தனித்தனியே கிடைத்திருந்த இரண்டு வைஸ்ஹெர்ப்ஸ்ட் குடும்பங்களிலும் அதே மரபணு பழுதாகியிருந்தது. ஒன்றில் புரதம் பாதியிலேயே நின்றுவிடும்படி ஒரு முற்றுக் குறி புகுந்திருந்தது; மற்றதில் புரதத்தின் ஓர் அலகு மாறியிருந்தது. வெவ்வேறு தந்தையரிடம் வெவ்வேறு விதமாக நேர்ந்த இரண்டு பிழைகள் ஒரே மரபணுவில் விழுந்து ஒரே விளைவைத் தரும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்க இடமில்லை.

இரும்பு வாயில்

இந்தப் புரதம் உயிரணுவின் மேற்சவ்வை உள்ளும் புறமுமாகப் பல தடவை ஊடுருவிச் சென்று, ஒரு வாயில் போல அமைகிறது. இதற்கு ஃபெரோபோர்ட்டின் என்று பெயரிட்டார்கள். அது கருவில் எங்கே காணப்படுகிறது என்று தேடியபோது, தர்க்கம் சுட்டிய அதே இடத்தில், மஞ்சள்கருவைப் போர்த்தியுள்ள மெல்லிய படலத்தில் இருந்தது. அது உண்மையிலேயே இரும்பை வெளியேற்றுகிறதா என்பதை நேரே அறிய, ஆப்பிரிக்கத் தவளையின் பெரிய முட்டைகளில் அந்த மரபணுவின் செய்தியைப் புகுத்திப் பார்த்தார்கள். ஃபெரோபோர்ட்டினைப் பெற்ற முட்டைகளிலிருந்து இரும்பு வெளியேறியது. ஏட்ரியானா டோனவன், நான்ஸி ஆண்ட்ரூஸ், லெனர்ட் ஸான் முதலியோர் இதை 2000 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், லண்டனிலும் டெக்ஸஸிலும் இருந்த வேறு இரு குழுவினர், மீனை நாடாமல் சுண்டெலியின் குடலையும் இரும்புச் சேர்க்கையையும் ஆராய்ந்து, அதே புரதத்தை வந்தடைந்தார்கள். மூன்று வழிகளில் சென்றவர்கள் ஓரிடத்தில் சந்தித்ததனால் முடிவு பன்மடங்கு உறுதிப்பட்டது.

நாளத்தில் இரும்பு செலுத்திக் காப்பாற்றிய வைஸ்ஹெர்ப்ஸ்ட் குஞ்சுகள் வளர்ந்து பெரிய மீன்களாயின. ஆனால் செலுத்திய இரும்பு வயது ஏற ஏறப் போதாமற்போய், அவை மறுபடியும் வெளிறின. அவற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலின் உயிரணுக்களிலும், மீனுக்குக் குருதியாக்கம் நடைபெறும் இடமாகிய சிறுநீரகத்தில் பழைய செவ்வணுக்களை விழுங்கும் துப்புரவு உயிரணுக்களிலும், இரும்பு தேங்கிக் கிடந்தது. மஞ்சள்கரு தீர்ந்த பிறகும் இந்த வாயில் வாழ்நாள் முழுதும் தேவைப்படுகிறது என்பதை அந்த மீன்கள் தெரிவித்தன.

வாயிலை அடைக்கும் கட்டளை

மனித உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. புதிய செவ்வணுக்களை ஆக்க நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து நாம் அன்றாடம் ஏற்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். மிச்சமெல்லாம் எங்கிருந்து வருகிறது? ஆயுள் முடிந்த செவ்வணுக்களைத் துப்புரவு உயிரணுக்கள் விழுங்கிச் சிதைத்து, அவற்றின் இரும்பை மீண்டும் ரத்தத்தில் விடுகின்றன. அதுவே திரும்பத் திரும்பப் புழங்கி வருகிறது. துப்புரவு உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேறும் வழி ஃபெரோபோர்ட்டின். குடலின் உயிரணு உணவிலிருந்து எடுத்த இரும்பு ரத்தத்துக்குச் செல்லும் வழியும் அதுவே. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில், தாயின் இரும்பு சிசுவின் பக்கம் கடக்கும் இடத்திலும் அதே புரதம் நிற்கிறது. மீனின் மஞ்சள்கருவில் கண்ட ஏற்பாடே மனிதனின் மூன்று முக்கியமான இடங்களில் பயன்பட்டு வருகிறது.

2001இல், பரம்பரையாக உடலில் இரும்பு மிகும் நோயுள்ள குடும்பங்களில், ஒன்று இத்தாலியிலும் ஒன்று நெதர்லாந்திலும், ஃபெரோபோர்ட்டின் மரபணுவிலேயே திரிபு இருப்பது தெரியவந்தது. இத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் வாயில் சரிவரத் திறவாமல் இரும்பு துப்புரவு உயிரணுக்களில் தேங்குகிறது. வேறு சிலவற்றில் வாயில் அடைபட வேண்டிய சமயத்தில் அடைபடாமல், இரும்பு அளவின்றி ரத்தத்தில் பாய்ந்து ஈரலில் படிகிறது. பின்னதைக் கேட்டவுடன், வாயிலை அடைக்கும்படி கட்டளை இடுவது யார் என்ற வினா எழும். ஈரல் உற்பத்தி செய்யும் ஹெப்சிடின் என்ற சிறிய புரதமே அந்தக் கட்டளை. அது ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டிக்கொள்ள, வாயில் உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டு அழிந்துபோகிறது என்பதை, எலிஸபெட்டா நெமெத், தாமஸ் கான்ஸ் முதலியோர் 2004இல் காட்டினார்கள்.

உடலில் போதுமான இரும்பு இருக்கும்போது ஈரல் ஹெப்சிடினை மிகுதியாக வெளியிட்டு, குடலின் வழியைக் குறுக்குகிறது; மிகையான இரும்பை வெளியே தள்ளும் ஏற்பாடு மனித உடலில் இல்லாமையால், உள்ளே வருவதைத் தடுப்பதொன்றே அதற்கு வழி. நோய்க்கிருமிகள் புகுந்தாலும், மூட்டுவாதம் போன்ற அழற்சி நீடித்தாலும் ஹெப்சிடின் உயர்கிறது. கிருமிகளும் வாழ இரும்பு தேவைப்படுவதால், அவற்றின் கைக்கு எட்டாமல் இரும்பைப் பூட்டி வைப்பது உடலின் தற்காப்பு என்று கருத இடமிருக்கிறது. சில நாள் காய்ச்சலில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் நோயில் இதுவே தீமையாகிறது: துப்புரவு உயிரணுக்கள் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு நிற்க, பக்கத்திலேயே இளம் செவ்வணுக்கள் அது கிடைக்காமல் வெளிறிப் பிறக்கின்றன, வாயால் உட்கொண்ட மாத்திரையின் இரும்பும் குடலின் உயிரணுவைத் தாண்டாமல், அந்த உயிரணு சில நாட்களில் உதிரும்போது அதனோடு வெளியேறிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு அடிப்படையான நோயைத் தணிக்காமல் இரும்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் சொற்பம் என்பதன் காரணம் இப்போது விளங்கும். நோயில்லாத சாதாரண இரும்புக் குறையிலும் இந்த அறிவு பயன்படுகிறது. ஒரு வேளை மாத்திரை உட்கொண்டதும் ஹெப்சிடின் சற்று உயர்ந்து, மறுநாளைய மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கிறது என்பதை ஸூரிக் நகர ஆராய்ச்சியாளர் 2015இல் கண்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுக்கும் முறை வைத்தியர்களால் ஆலோசிக்கப்பட்டு வருகிறது.

மற்ற மீன்கள்

வைஸ்ஹெர்ப்ஸ்டின் கூட்டாளிகளும் ஒவ்வொன்றாகத் தம் மரபணுவைக் காட்டிக் கொடுத்தன. ஸோடேர்ன் என்ற மீனில் ஹீம் வளையத்தை ஆக்கும் முதற்படி பழுதுபட்டிருந்தது. அதே பழுதினால் மனிதருக்கும் ஒரு பிறவிச் சோகை உண்டு. ஈகெம் என்ற மீன் வெளிச்சம் பட்டால் தாங்காது. அதன் ரத்தம் தானே ஒளிர்ந்தது. முற்றுப்பெறாத ஹீம் உடலில் சேர்வதால் மனிதருக்கு வரும் போர்ஃபைரியா நோயின் சாயலே அது. ஷார்டனே என்ற மீனில் பழுதானது, இரும்பு உயிரணுவுக்குள் நுழையும் வழி. ஷிராஸ் என்ற மீனின் மரபணு 2005இல் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், காரணம் புலப்படாத சோகையோடு இத்தாலியில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம், மீனைப் பார்த்து அறிந்த அதே மரபணுவைச் சோதித்து, அதில் திரிபு இருப்பதை வைத்தியர்கள் கண்டுகொண்டார்கள். நோயாளியிலிருந்து மரபணுவுக்குச் செல்வதே வழக்கமாயிருந்த துறையில், மீனிலிருந்து நோயாளிக்கு வந்த இந்தப் பயணத்தை மிக உயர்வாகவே நான் கருதுகிறேன்.

எல்லா மரபணுக்களும் இவ்வளவு விரைவில் அகப்படவில்லை. 1995இல் விவரிக்கப்பட்ட க்ளோஷ் என்ற வரிமீன் கருவில், ரத்த அணுக்களும் இல்லை, ரத்த நாளங்களின் உட்சுவரும் இல்லை. இவ்விரண்டும் ஒரே மூதாதை உயிரணுவிலிருந்து கிளைப்பவை என்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கருவை ஆராய்ந்தவர்கள் ஊகித்திருந்தார்கள்; அவ்வூகத்தை இந்த மீன் பெரிதும் வலுப்படுத்தியதால், அதன் மரபணுவைப் பல ஆராய்ச்சிக்கூடங்கள் ஆவலோடு தேடின. ஆனால் அது ஒரு நிறப்புரியின் கடைக்கோடி நுனியில், துண்டுகளை ஒழுங்காக அடுக்கிப் பார்க்க இடங்கொடாத பகுதியில் அமைந்திருந்தது. ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரத்திலிருந்து 2016இல் விடை வந்தது. பிற மரபணுக்களை இயங்கவும் அடங்கவும் செய்யும் ஒரு புரதத்தின் மரபணு அது. செவ்வணுவுக்கும் நாளத்துக்கும் உரியவையென அதுவரை அறியப்பட்டிருந்த முக்கியமான கட்டளை மரபணுக்கள் இயங்கத் தொடங்குமுன்பே, கரு தோன்றிய முதல் நாளிலேயே, அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.